சுத்தமாக வந்த படம்

பணி முடித்துப் போனவர்களிடம், புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக ஏதாவது எழுதி வாங்குவது நம் அலுவலகத்தில் பழக்கமாகிவிட்டது. "உற்சாகமா நாலு விஷயம் எழுதிக் குடுங்க சார்" என்று பயிற்சிப் பிரிவிலிருந்து ஒரு பெண் போனில் கேட்டார். உற்சாகத்துக்கு வேறு ஆளைப் பாரும்மா என்றேன். அவர் விடுவதாக இல்லை. சரி, எழுதுகிறேன். நான்கு வார்த்தை சொல்லி, ஒரு கையெழுத்துப் போட்டு, ஒரு நர்ஸின் வேலையை நான் எப்படிக் காலி செய்தேன் என்பதுதான் விஷயம். படித்துவிட்டுக் கிழித்துப் போடுவதென்றால் போடுங்கள், ஆனால் முழுதாகப் படித்துவிட்டுக் கிழியுங்கள்.

ஜவ்வாது மலைமேல் ஒரு சிறிய சுகாதார நிலையம். ஒரு நர்ஸ் உண்டு, டாக்டர் கிடையாது. டாக்டர் கீழே, சமவெளியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருப்பார். மலையில் நோயாளியைக் கேமரா முன்னால் உட்கார வைத்தால், டாக்டர் கீழே திரையில் பார்த்து மருந்து சொல்வார். இரண்டுக்கும் நடுவில் கம்பி இல்லை. மலை விளிம்பில் ஒரு கோபுரம், அங்கிருந்து சிக்னல் கீழே ஒரு தாவல், மேலே ஒரு தாவல். படமும் குரலும் காற்றில் போக வேண்டும். அதைப் போக வைப்பது என் வேலை.

கோபுரம் நட்டபோது கோடைக்காலம். மரமெல்லாம் இலையுதிர்ந்து நின்றது. சிக்னல் போகும் பாதை பளிச்சென்று தெரிந்தது, நானே பைனாகுலர் வைத்துப் பார்த்துச் சரி என்று சொன்னேன். மழை வந்தது, மரம் தழைத்தது, ஈர இலை எங்கள் சிக்னலைக் குடிக்க ஆரம்பித்தது. இலையில்லாத காலத்தில் பாதை பார்த்தது என் முதல் முட்டாள்தனம். அதற்காக நான் அழவில்லை, எல்லோரும் செய்வதுதான்.

திறப்பு விழா மழைக்காலத்தில் வைத்தார்கள். மேலதிகாரி அம்மா ஒருவர் கீழே ஆஸ்பத்திரியில் கேமரா முன் நின்று மலை மக்களிடம் பேசினார். இங்கே மலைமேல் பந்தல் போட்டு டிவி வைத்திருந்தோம். ஐந்தாவது நிமிடத்தில் அவர் முகம் கட்டம் கட்டமாக உடைந்தது. வாய் ஒரு பக்கம், மூக்கு ஒரு பக்கம். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு பெண், "இன்னாடி இது, அம்மா மூஞ்சி ஜன்னல் ஜன்னலா வருது!" என்றார். பந்தலே சிரித்தது. படம்தான் உடைந்ததே தவிர குரல் நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. சிரிப்பு முழுவதும் கீழே கேட்டுவிட்டது.

மறுநாள் என்னை நிற்க வைத்துக் கிழித்தார்கள். "மரம் கிரம்னு கதை சொல்லாதீங்க. ஒரு வாரம் டைம். அதுக்கு மேல படம் உடையக் கூடாது" என்றார் எங்கள் உயரதிகாரி. உண்மையான வைத்தியம் கோபுரத்தை இருபது அடி உயர்த்துவது. காட்டு நிலம் என்பதால் அதற்கு அனுமதி வேண்டும். கோப்பு ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்குப் போக எத்தனை நாள் ஆகும் என்று உங்களுக்கு இன்னும் தெரியாது, போகப் போகத் தெரியும்.

ஒரு வாரத்தில் என்ன செய்ய முடியும்? இரண்டு முனையிலும் படத்தை வாங்கிக் காட்டும் பெட்டியில் ஒரு செட்டிங் இருந்தது. வரும் வழியில் படத்தின் துண்டு ஏதாவது தொலைந்தால், அந்த ஓட்டையைக் காட்டாமல், முன்னால் வந்த நல்ல படத்தையே பிடித்து வைத்துக்கொண்டு, அடுத்து வரும் நல்ல படத்தோடு மெதுவாகக் குழைத்துக் காட்டும். பார்ப்பவர் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. அதை முழு அளவுக்கு ஏற்றி வைத்தேன். அன்று சாயங்காலமே படம் வெண்ணெய் மாதிரி வந்தது. உயரதிகாரி என் முதுகில் தட்டினார்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அந்தப் பெட்டி, ஓட்டையை அடைத்த பிறகுதான் இழப்பை எண்ணும். அடைத்ததெல்லாம் வந்த கணக்கில் சேர்ந்துவிடும். அதனால் தினசரி அறிக்கையில் 'இழப்பு: பூஜ்யம்' என்று அச்சாகும். இது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் தினமும் அச்செடுத்துக் கோப்பில் வைத்தேன்.

இனி நர்ஸ். நாங்கள் எல்லோரும் சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவோம். கலசப்பாக்கத்துப் பக்கம் ஊர். ஒப்பந்த வேலை, இன்னும் நான்கு மாதம் ஓட்டினால் நிரந்தரமாகிவிடும் என்று காத்திருந்தார். பேச்சு கொஞ்சம் வெடுக்கென்று இருக்கும். நான் முதல் தடவை செருப்போடு உள்ளே நுழைந்தபோது, "சார், அது இன்னா உங்க ஆபீஸா? கழட்டிட்டு வாங்க" என்றார். எனக்கு அவரைப் பிடிக்காமல் போனதற்கு அதுவும் ஒரு காரணம். வயசான பிறகுதான் இதையெல்லாம் ஒத்துக்கொள்ள முடிகிறது.

படம் உடைந்துகொண்டிருந்த நாட்களில் டாக்டருக்கும் சிஸ்டருக்கும் ஒரு முறை இருந்தது. படம் உடைந்ததும் டாக்டர், "எனக்கு ஒண்ணும் தெரியல சிஸ்டர், நீங்க பாத்துச் சொல்லுங்க" என்பார். சிஸ்டர் கையால் தொட்டு, கைக்கடிகாரம் பார்த்து எண்ணி, குரலில் சொல்வார். அவர் சொன்னதை வைத்து டாக்டர் முடிவெடுப்பார். படம் அழகான நாளிலிருந்து டாக்டர் அப்படிக் கேட்பதை நிறுத்திவிட்டார். அவருக்கே கண்ணால் தெரிகிறதே, எதற்குக் கேட்க வேண்டும்? இந்த மாற்றத்தை நான் பார்த்தேன். என் வெற்றி என்று நினைத்துக்கொண்டேன், வெட்கக்கேடு.

அந்த நாள் காலை பதினோரு மணி இருக்கும். தூறல். பேட்டரி மாற்ற நான் நிலையத்தில் இருந்தேன். பக்கத்துக் குக்கிராமத்திலிருந்து ஓர் அம்மா, ஒன்றரை வயதுப் பெண் குழந்தையைத் துணியில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு வந்தார். சாமைக் கொல்லையில் களை எடுத்துக்கொண்டிருந்தவர் அப்படியே ஓடிவந்திருக்கிறார், கால் முழுக்கச் சேறு. "மூணு நாளா ஜொரங்க. காத்தாலேந்து பால் குடிக்க மாட்டேங்குது" என்றார்.

சிஸ்டர் குழந்தையின் சட்டையைக் கழற்றி, கேமரா முன் படுக்க வைத்தார். அந்த வயதுக் குழந்தைக்கு நிமிடத்துக்கு நாற்பது மூச்சுக்கு மேல் போனால் நெஞ்சுச்சளி முற்றியிருக்கிறது என்று அர்த்தம், உடனே கீழே அனுப்ப வேண்டும். இது நான் அங்கே நின்று நின்று கற்றுக்கொண்டது. டாக்டர் கீழே திரையைப் பார்த்து எண்ணினார். சிஸ்டர் இங்கே கைக்கடிகாரத்தைப் பார்த்து எண்ணினார்.

"முப்பத்தாறு. பரவாயில்ல" என்றார் டாக்டர்.

"அம்பத்தெட்டு டாக்டர்" என்றார் சிஸ்டர்.

டாக்டர் மறுபடி எண்ணினார். முப்பத்தேழு. சிஸ்டர் மறுபடி எண்ணினார். அறுபது.

"வெலா எலும்புக்குக் கீழ உள்ள இழுக்குது டாக்டர். தெரியலையா?"

"எனக்கு அப்படித் தெரியலையேம்மா. படம் நல்லாத்தான் வருது. போன வாரமும் ரெண்டு குழந்தைய இப்படித்தான் கீழ அனுப்பினீங்க, வெறும் சளி. இங்க எனக்குத்தான் திட்டு விழுந்துச்சு."

"அது வேற டாக்டர், இது வேற. நான் கையில தொட்டுப் பாக்கறேன்."

டாக்டர் கெட்டவர் இல்லை. இதை நான் இப்போதும் சொல்வேன். ஒரு கணம் யோசித்துவிட்டு அவர் என்னைக் கூப்பிட்டார். "இன்ஜினியர் சார் அங்கதான இருக்கீங்க? லைன்ல ஏதாவது பிரச்சனையா? எனக்கு வர்ற படம் சரியா?"

சரியான ஆளிடம் சரியான கேள்வி கேட்டார். வெளியே மழை பெய்கிறது. இலையெல்லாம் ஈரம். துண்டு துண்டாகத் தொலைந்துகொண்டிருக்கும், பெட்டி அடைத்துக்கொண்டிருக்கும் என்று என் மண்டைக்குள் ஒரு மூலையில் தெரிகிறது. ஆனால் அடுத்த வாரம் திட்டத்தை ஏற்றுக்கொண்டு கையெழுத்துப் போடப்போகிறார்கள். அன்று மதியமே அதற்கு முன்னோட்டம் பார்க்க ஓர் அதிகாரி மேலே வருவதாக இருந்தார். 'படம் பொய் சார், நான்தான் பூசி வைத்திருக்கிறேன்' என்று எப்படிச் சொல்வது? என் முன்னால் இருந்த கணினியில் பூஜ்யம் என்று பச்சையாக எரிந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்:

"லைன் சுத்தமா இருக்கு சார்."

சிஸ்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார். டாக்டர் வாய்வழி மருந்து ஒன்று சொல்லி, "வீட்டுக்கு அனுப்பிடுங்க, ரெண்டு நாள் கழிச்சு வரச் சொல்லுங்க" என்று முடித்துவிட்டு, அடுத்த ஊருக்கு இணைப்பை மாற்றிக்கொண்டார்.

சிஸ்டர் குழந்தையைச் சட்டையில்லாமலே துணியில் சுற்றினார். "வூட்டுக்குப் போவ வேணாம். என்னோட வா" என்று அந்த அம்மாவிடம் சொன்னார். வெளியே புளி மூட்டை ஏற்றிய ஜீப் ஒன்று மலையடிவாரத்து ஆலங்காயத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தது. கையைக் காட்டி நிறுத்தினார். ஆம்புலன்ஸை மேலே வரவழைக்க டாக்டர் சொல்ல வேண்டும், வந்து சேர ஒன்றரை மணி நேரம் ஆகும்.

"சிஸ்டர், டாக்டர் வேணாம்னு சொன்னாரே" என்றேன். இதையும் சொன்னவன் நான்தான்.

"நீங்க பொட்டியப் பாருங்க சார். நான் புள்ளயப் பாக்கறேன்" என்று சாவியை என் கையில் வைத்துவிட்டு, மூட்டைகளுக்கு நடுவில் ஏறிக்கொண்டார்.

குழந்தைக்கு ஆலங்காயம் ஆஸ்பத்திரிக்குப் போனதுமே ஆக்சிஜன் வைத்தார்கள். ஆறு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தது. பிழைத்துக்கொண்டது.

நான் மேலே சாவியோடு உட்கார்ந்திருந்தேன். மதியம் அதிகாரி வந்தார். நிலையத்தில் நர்ஸ் இல்லை. வாசலில் நான்கைந்து பேர் காத்திருக்கிறார்கள். "எங்கய்யா அவங்க?" என்றார். நடந்ததைச் சொன்னேன். எப்படிச் சொன்னேன் தெரியுமா? "டாக்டர் தேவையில்லைன்னு சொன்னார் சார், இவங்கதான் கேக்காம போய்ட்டாங்க" என்று சொன்னேன். ஒவ்வொரு வார்த்தையும் உண்மை. அதுதான் இன்னும் அசிங்கம்.

அன்று இரவே எனக்குத் தூக்கம் கெட்டது என்றெல்லாம் எழுத மாட்டேன். நன்றாகத் தூங்கினேன். மூன்றாம் நாள்தான் உறுத்தியது. நிலையத்துச் சுவர்க் கடிகாரத்தைக் கழற்றிக் கேமரா முன் வைத்துவிட்டு, மலையிறங்கிப் போய், டாக்டரின் நாற்காலியில் நானே உட்கார்ந்து திரையைப் பார்த்தேன். அன்றும் மழை. கடிகாரத்தின் வினாடி முள் அழகாக வழுக்கிக்கொண்டு போனது. ஒரு துடிப்பும் இல்லை. கையில் என் கடிகாரத்தை வைத்து ஒப்பிட்டேன். முள் சில இடத்தில் நின்று, நின்றதே தெரியாமல் தாவிக்கொண்டிருந்தது. நடுவில் வினாடிகளைக் காணோம். ஒரு வினாடிக்கு ஒரு மூச்சு விடும் குழந்தையின் நெஞ்சு அந்தக் காணாமல் போன வினாடிகளில் ஏறி இறங்கியிருந்தால், டாக்டருக்கு எங்கே தெரியும்?

நம் தொழிலில் எல்லோரும் படத்தின் தரத்தைக் கூட்டு, கூட்டு என்று உயிரை வாங்குவார்கள். கூட்டுங்கள், வேண்டாமென்று யார் சொன்னது? சினிமா பார்ப்பவனுக்கு, கிரிக்கெட் பார்ப்பவனுக்கு ஓட்டையை அடைத்துக் கொடுங்கள், அவன் சந்தோஷமாக இருக்கட்டும். ஆனால் திரையைப் பார்த்து ஒருவர் முடிவெடுக்கிறார் என்றால், தொலைந்தது தொலைந்ததாகவே தெரிய வேண்டும். கட்டம் கட்டமாக உடையட்டும். உடைந்த படத்தைப் பார்க்கிறவர் பக்கத்தில் இருப்பவரைக் கேட்பார். என் செட்டிங்கை அந்த வருடமே மற்ற மலைகளுக்கும் நகலெடுத்துப் போட்டார்கள். உங்களில் யாராவது இன்று அப்படி ஓர் இணைப்பைப் பார்த்துக்கொள்கிறீர்கள் என்றால், மேலிடத்தைக் கேட்டுக்கொண்டிருக்காதீர்கள். நாளைக்குப் போய் அதை அணையுங்கள். திட்டு விழும், வாங்கிக்கொள்ளுங்கள்.

நான் அணைக்கவில்லை. கடிகாரத்தைத் திருப்பிக் கொண்டுபோய்ச் சுவரில் மாட்டினேன். யாரிடமும் சொல்லவில்லை.

இரண்டு வாரம் கழித்து சிஸ்டர்மேல் விசாரணை வந்தது. டாக்டர் சொன்னதை மீறினார், நிலையத்தை விட்டுப் போனார் என்று இரண்டு குற்றம். "புள்ள சாவக் கெடந்துது, அம்பத்தெட்டு எண்ணினேன்" என்று அவர் சொல்லியிருக்கிறார். டாக்டர் முப்பத்தாறு என்றார், அவர் பார்த்தது அதுதான். குழந்தை வழியில் மோசமாகியிருக்கலாம் என்று எழுதிக்கொண்டார்கள். பிறகு என்னிடம் ஒரு தாள் வந்தது. ஒரே ஒரு கேள்வி: அன்றைய தினம் இணைப்பில் இழப்பு ஏதேனும் இருந்ததா?

கடிகாரத்தைப் பார்த்துவிட்டு வந்த பிறகு வந்த தாள் அது. என்னால் தெரியாது என்று சொல்ல முடியாது. 'இல்லை' என்று எழுதி, அன்றைய அறிக்கையின் அச்சை இணைத்து, கையெழுத்துப் போட்டேன். மகள் கல்யாணம், பதவி உயர்வு என்று எனக்கு நானே ஏதேதோ காரணம் சொல்லிக்கொண்டேன். பயம், அவ்வளவுதான். சிஸ்டரின் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. எனக்கு ஒரு கேடயம் கொடுத்தார்கள்.

அவருக்குப் பிறகு வந்த நர்ஸ் சின்னப் பெண், சாது. என்ன நடந்தது என்று கேள்விப்பட்டுத்தான் வந்திருந்தார். திரையில் டாக்டர் என்ன சொல்கிறாரோ அதை அப்படியே செய்தார். ஒரு நாளும் எதிர்த்து ஒரு எண் சொல்லி நான் கேட்டதில்லை. பதினான்கு மாதம் கழித்துக் கோபுரத்தை உயர்த்த அனுமதி வந்தது.

ஓய்வு பெற்ற பிறகு, போன வருடம், கலசப்பாக்கம் போனேன். சிஸ்டர் ஒரு தனியார் கிளினிக்கில் இருந்தார். ஊசி போட, டோக்கன் கொடுக்க, கூட்டிப் பெருக்க, எல்லாம் அவர்தான். என்னை அடையாளம் தெரிந்துகொள்ள அவருக்கு ஒரு வினாடிகூட ஆகவில்லை. வெளியே வேப்ப மரத்தடியில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். செட்டிங், கடிகாரம், தாள், கையெழுத்து. சொல்லும்போது அழுதேன். அவர் அழவில்லை.

"எனக்கு எதுக்கு சார் சொல்றீங்க?" என்றார். "எனக்கு அன்னிக்கே தெரியும். அம்பத்தெட்டுன்னா அம்பத்தெட்டுதான். படம் தப்புன்னு தெரியாம நான் ஜீப்புல ஏறினேன்னா நெனச்சீங்க?"

"மன்னிச்சுக்கங்க சிஸ்டர்."

"அதெல்லாம் விடுங்க. தெரியாதவரு டாக்டருதான். சுத்தமா இருக்குன்னு அவர்கிட்டதான சொன்னீங்க? அவர்கிட்ட போய்ச் சொன்னீங்களா?"

சொல்லவில்லை. அதுவரை அப்படி ஒன்று செய்ய வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை. உள்ளிருந்து யாரோ கூப்பிட, "வர்றேன், வர்றேன்" என்று அவர் போய்விட்டார். பஸ்ஸுக்குக்கூடப் போகாமல் அங்கேயே நின்று டாக்டருக்குப் போன் போட்டேன். அவர் இப்போது வேறு ஊரில் இருக்கிறார். யாரென்று சொன்னதும் சந்தோஷமாகப் பேசினார். விஷயத்தைச் சொன்னேன். திட்டுவார், அந்தப் பெண்ணை அநியாயமாக அனுப்பிவிட்டோமே என்பார் என்று எதிர்பார்த்து நின்றேன்.

"அந்தச் செட்டிங்க எப்ப போட்டீங்க?" என்று கேட்டார்.

"திறப்பு விழாவுக்கு அடுத்த வாரம் சார்."

"எப்ப எடுத்தீங்க?"

"எடுக்கல சார். கோபுரம் ஒசத்தின பிறகு தேவைப்படல."

பிறகு மெதுவாகக் கேட்டார்.

"அத்தனை மாசமும் நான் அந்தத் திரையப் பாத்துத்தான எண்ணினேன்? பரவாயில்ல, வீட்டுக்கு அனுப்புங்கன்னு தினம் தினம் சொன்னேனே. அந்த ஒரு புள்ளையத்தான் சிஸ்டர் தூக்கிட்டு ஓடினாங்க. மத்த புள்ளைங்கல்லாம் என்னய்யா ஆச்சு?"

நான் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு நின்றேன். அவரும் போனை வைக்கவில்லை.